எங்கால வந்தது என்று கேட்கிறவர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சாய்ந்தமருதுக் கரையில் மீன்பெட்டி தூக்கினேன். கட்டிட வேலையில் சாந்து குழைத்தேன். அந்தக் கையால்தான் கல்முனையில் கண்ணாடிக் கடை போட்டேன். சுனாமியில் கடல் வந்து ஒரு கண்ணாடி மிஞ்சாமல் நொறுக்கிவிட்டுப் போனது. சேறு காய முதல் மறுபடி கடை திறந்த முதல் ஆள் நான். சம்மாந்துறையில் அரிசி ஆலை போட்டேன். அதற்கு அங்கால் வயல் வட்டையில் பதினெட்டு ஏக்கர் நெல் வேளாண்மைக் காணி செய்கிறேன். பிரதான வீதியில் ஆறு கடை வரிசையாகக் கட்டி மேலே மாடியும் எடுத்தேன். படம் கீறிய இஞ்சினியர் இந்த மண்ணில் மாடி நிற்காது என்றார். நிற்கிறது, வந்து பார்க்கலாம். மூன்று பெண்பிள்ளைகளைப் படிப்பித்தேன், ஒருத்தி டொக்டர்.

இவற்றோடு நான் கட்டிய இன்னொன்று இருக்கிறது. நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஓர் ஓணானுக்கு வீடு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மாடி எடுத்தபோதும் சிரித்தார்கள்தான். அந்த வீட்டை என்னைக் கட்ட வைத்த மனிதரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் போடமாட்டேன், அவருக்குப் பிடிக்காது. என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர். நேரில் தம்பி என்பேன், மனே என்பேன். எழுதும்போது என்னவோ ‘அவர்’ என்றுதான் வருகிறது.

அவர் முதலில் வந்தது என் ஆறாவது கடையை வாடகைக்குக் கேட்டு. மருதமுனைக்காரர். கொழும்பில் பத்து வருஷம் ஏசி, பிரிட்ஜ் திருத்துகிற வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். கடை கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் வாடகையைத்தான் முதலில் கேட்பார்கள். இவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

“இந்த ஈரம் எங்கால ஹாஜியார்?”

“மழைக்கு வந்திருக்கும்.”

“கூரையாலயா, நிலத்தாலயா?”

எனக்கே தெரியாது. ஏணி எடுத்து ஏறிப் பார்த்துவிட்டு வந்து, “பீலியில இலை அடைச்சிருக்கு, நானே எடுக்கன்” என்றார். பிறகு கரண்ட் எந்தப் பக்கத்தால் வருகிறது, மேலே யார் இருக்கிறார்கள், வெயில் எந்த நேரம் எந்தச் சன்னலுக்குள் விழும் என்று கேட்டார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என் வீட்டில் அவ்வளவு கேள்வி கேட்டதில்லை.

“கடையில நீங்க மட்டுமா?” என்று கேட்டேன்.

“நானும் வேற ஓராளும்.”

“ஆரு?”

கையிலிருந்த பிரம்புக் கூடையின் மூடியைத் தூக்கினார். நான் இரண்டு அடி பின்னால் போனேன். ஒரு முழ நீளம். மணல் நிறம். கழுத்தைச் சுற்றி முள்முள்ளாகத் தாடி. என்னை நிமிர்ந்து பார்த்து, ஒரு முன்னங்காலைத் தூக்கி வட்டமாக ஆட்டியது, சலாம் சொல்கிற மாதிரி.

“யா ரப்பே, ஓணான்!”

“ஓணான் சாதிதான் ஹாஜியார். அவுஸ்திரேலியாப் பாலைவனத்து ஆள். பியர்டட் டிராகன் எண்டு சொல்லுவாங்க. கடிக்காது.”

அவர் வேலை செய்த ஒரு மாடிவீட்டில் வெளிநாட்டுக் குடும்பம் ஒன்று இருந்ததாம். அந்த வீட்டுச் சின்னப் பிள்ளையின் ஓணான் அது. குடும்பம் நாட்டை விட்டுப் போகும்போது அதைக் கொண்டுபோக முடியவில்லை. ஏசி திருத்த வருகிறபோதெல்லாம் இது என்ன தின்னும், எப்ப தூங்கும், ஏன் தலையாட்டுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தவர் இவர் ஒருவர்தான். அதனால் அந்தப் பிள்ளை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனது. ஒரேயொரு நிபந்தனை: வெள்ளிக்கிழமை தோறும் படம் அனுப்ப வேண்டும். ஜும்ஆவுக்குப் போக முதல் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஓணானைத் தோளில் வைத்துப் படம் எடுத்து அனுப்பிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார். ஒரு வெள்ளி தவறியதில்லை.

“விருப்பத்துக்கு வளக்கிற சாமான் இல்ல ஹாஜியார், அமானிதம். திருப்பிக் கேட்டா முழுசாக் குடுக்கணும்” என்பார்.

கடை கொடுத்தேன்.

எங்கள் ஊரில் ஓணானைக் கண்டால் எல்லோரும் கல் தேடுவார்கள். நபி ஒருவரைச் சுட மூட்டிய நெருப்பை அது ஊதிவிட்டது என்று ஒரு கதை. அடித்தால் நன்மை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நானே ஈர்க்கில் சுருக்கு வைத்து எத்தனையோ பிடித்திருக்கிறேன். அதனால் இரண்டு நாளில் கடை வாசலில் கூட்டம். எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற என் மச்சான் தும்புத்தடியோடு வந்து நின்றான்.

“அடிச்சா நன்மை எண்டு வாப்பாமார் சொல்லித் தந்தத, நீங்க வாடகைக்கு வெச்சிருக்கீங்களே மச்சான்!”

“தடிய வெச்சிட்டுப் போடா.”

“தாடியப் பாருங்க, ஒங்கட கூடப் பொறந்த தம்பி மாதிரியே இருக்கார்.”

கூட்டம் சிரித்தது. அன்றிலிருந்து அந்த ஓணானுக்கு ஊரில் பெயர் ‘சின்ன ஹாஜியார்’. எனக்கு ஆத்திரம்தான். ஆனால் தடியை இறக்க வைத்தேன், மௌலவியைக் கூட்டி வந்தேன். அவர் பார்த்துவிட்டு, “ஹதீஸ்ல வந்தது பல்லிக்கு. இது வேற படைப்பு” என்றார். அத்தோடு விடலாம் அல்லவா? நம் ஆள் கேட்கிறார்: “எந்தப் பல்லி ஹஸரத்? வீட்டுச் சுவர்ல இருக்கிறதா, காட்டில இருக்கிறதா?” மௌலவியே சிரித்துவிட்டார். “தம்பி, அமானிதம் எண்டு சொல்றீங்க. அப்ப பாத்துக்கங்க. ஆரும் கை வெக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருவரும் கை வைக்கவில்லை. அந்தப் பிராணிக்கு ஊரில் உயிர்ப்பயம் நீங்கியது என்னால்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

கேட்பது அவருடைய தொழிலோடு வந்த பழக்கமா, பிறவியிலேயே அப்படியா என்று எனக்குத் தெரியாது. ஒரு பேன் கொண்டு வந்து கொடுத்தால், திருகாணியைத் தொட முதல், எங்கே மாட்டியிருந்தது, கடைசியாகக் கழற்றியது யார், சத்தம் முதலில் வந்ததா மணம் முதலில் வந்ததா என்று கேட்பார். “நீங்க பேன் திருத்துறீங்களா, நிக்காஹ் எழுதுறீங்களா?” என்று ஒரு பெண் கேட்டது எனக்கு ஞாபகம். ஆனால் அவர் கையால் போன சாமான் இரண்டாம் தரம் திரும்பி வராது. பாதிப் பழுது நாம் சொல்கிற பதிலில் இருக்கிறது என்பார்.

வீடு கட்டிய கதைக்கு வருகிறேன். கொழும்பிலிருந்து கொண்டு வந்த பெட்டி சின்னது. நானாகத்தான் சொன்னேன், என் கடையில் கண்ணாடிக்குப் பஞ்சமா என்று. ஐந்து மில்லிக் கண்ணாடி, அலுமினியச் சட்டம், மேலேயும் கண்ணாடி மூடி. மூன்று நாள் நானே நின்று செய்வித்தேன். கொண்டுபோய் வைத்ததும் சுற்றிவரப் பார்த்தார்.

“மேல் மூடி கழருமா ஹாஜியார்?”

“ஏன்? தூசி படாம இருக்கத்தானே போட்டன்.”

“மேல போடுற இந்த டியூப் லைட்ல வெயில்ட சத்து வரும். அதுலதான் இதுட எலும்பு நிக்கிற. கண்ணாடி அத மறிச்சிரும். வெளிச்சம் உள்ளுக்கு வரும், சத்து வராது.”

நாற்பது வருஷம் கண்ணாடி வெட்டுகிற எனக்குக் கண்ணாடி பற்றிப் பாடம். கோபத்தோடுதான் கம்பி வலை அடித்துக் கொடுத்தேன். அவர் அதில் ஒரு பக்கம் சூட்டு பல்பு தொங்கவிட்டு, கீழே தட்டையான கல் வைத்தார். மறுபக்கம் நிழல். இரண்டு பக்கமும் சூடு பார்க்கிற முள். ஓணானுக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாதாம். கல்லில் கிடந்து சூடேறினால்தான் தின்றது செமிக்குமாம். போதும் என்றால் அதுவாகவே நிழலுக்குப் போய்விடுமாம். உண்மைதான். மணித்தியாலக் கணக்காகப் பார்த்திருக்கிறேன். அந்த டியூபை ஆறு மாசத்துக்கு ஒருக்கால் மாற்றுவார், எரிந்துகொண்டிருந்தாலும் மாற்றுவார். வெளிச்சத்தை நம்பக்கூடாது என்பார்.

அடுத்த கிழமை நான் பாலைவனம் செய்து கொடுக்க நினைத்தேன். கடற்கரை மணல் இரண்டு சாக்கு, அரித்து, கழுவி, காய வைத்துக் கொண்டுபோனேன். ஒரு பிடி எடுத்துப் பார்த்தார்.

“நல்ல மணல். ஆனாப் போட ஏலாது ஹாஜியார். பூச்சியப் பிடிக்கக்குள்ள மணலையும் சேத்து முழுங்கிரும். குடல்ல கட்டியாகிப் போகும்.”

“பாலைவனத்தில பீங்கான் ஓடா போட்டிருக்கு?”

“அங்க தரை இறுகிக் கிடக்கு. இப்படி உதிரி மணல் இல்ல.”

தரைக்கு ஓடு பதித்தார். மணல் அவருடைய கடைப்படிக்கு முன்னால் சேறு மூடப் பயன்பட்டது.

பசளிக்கீரை கொண்டுபோனேன், கல்சியத்தை உடம்பில் சேரவிடாது என்றார். முருங்கை இலைக்கு, எந்த வளவு, மரத்துக்குக் கீழே சாக்கடை ஓடுகிறதா என்று கேட்டார். பூசணி, பயற்றங்காய், வல்லாரை எல்லாம் கழுவி, நகக்கண் அளவுக்கு நறுக்கிப் போடுவார். பூச்சி, ஓணானின் இரண்டு கண்ணுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. மேலே வெள்ளைக் கல்சியத் தூள் தூவிக் கொடுப்பார். அந்தத் தூள் வெளிநாட்டிலிருந்து வருவது நின்றுபோனபோது, சாய்ந்தமருதுக் கரையில் ஒதுங்குகிற கணவாய் மீனின் ஓட்டைப் பொறுக்கி, ஏழு தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, காய வைத்து, அம்மியில் பொடித்தார். அந்த ஓட்டைப் பொறுக்கக் காலையில் கரைக்குப் போனது நானும்தான். அப்போதும், “இது எந்தப் பக்கத்தால பொறுக்கின? ஓடை விழுற இடமா?” என்று கேட்டார். தொட முதலும் தொட்ட பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுவார், என்னையும் கழுவ வைப்பார். அதால் வரும் நோய்க்கு நாங்களும், எங்கள் கையால் போகிற வருத்தத்துக்கு அதுவும் பயப்பட வேண்டுமாம்.

நான் வாழ்க்கையில் கொடுத்துப் பழகியவன். கொடுத்தால் வாங்குகிறவர் “அல்ஹம்துலில்லாஹ்” என்பார். இவர் “எங்கால?” என்பார். கொஞ்சம் கொஞ்சமாக அது எனக்குள் போய்த் தைத்துக்கொண்டிருந்தது.

அது வெடித்தது என் சம்பந்தி வீட்டார் வந்த நாளில். கடை வரிசையை அவர்களுக்குக் காட்டிக்கொண்டு வந்து, கடைசியில் இந்த ஓணானையும் காட்டினேன். பெருமைக்குத்தான். வீட்டில் காய்த்த பயற்றங்காய் ஒரு பிடி கையோடு கொண்டுபோயிருந்தேன். எல்லோரும் பார்த்திருக்க நீட்டினேன்.

“இது எங்கால ஹாஜியார்? மருந்து அடிச்சதா?”

சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தலைக்கேறியது.

“என்ட ஆலை அரிசியத் தின்னாத வாய் இந்த ஊர்ல இருக்கா? பள்ளிவாசல் கந்தூரிக்கும் என்ட அரிசிதான் வேகுது. அதுல ஒருத்தனும் எங்கால எண்டு கேட்டதில்ல. ஒரு ஓணானுக்காக நீ என்னக் கேக்கிறா? இனி என்ட கையால தாற சாமான எங்கால எண்டு கேட்டா, இந்தக் கடைய விட்டு இறங்கு!”

அவர் முகம் சுருங்கியது. பயற்றங்காயை வாங்கி மேசையில் வைத்தார்.

“சரி ஹாஜியார். இனிக் கேக்கல்ல.”

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

பிறகு மாரி வந்தது. அந்த வருஷத்து மழை விடாமல் பதினைந்து நாள் நின்று பெய்தது. கரண்ட் போனால் ஆறு மணி, எட்டு மணி நேரம். சூட்டு பல்பும் இல்லை, வெயிலும் இல்லை. ஓணான் மரக்கட்டைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டு பல நாள் எழும்பவில்லை. செத்துவிட்டது என்று நான் சொன்னேன். இல்லை, குளிருக்கு இப்படித் தூங்கும், வயிற்றில் ஒன்றும் இல்லாமல் தூங்குவதுதான் நல்லது, செமிக்காத சாப்பாடு உள்ளே கிடந்து அழுகினால்தான் ஆபத்து என்றார். போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, துணி சுற்றி, பக்கத்தில் வைத்து மாற்றிக்கொண்டிருந்தார். தன் சோற்றை அவர் மறந்தது பல நாள்.

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த அன்று ஓணான் எழும்பியது. விலா எலும்பு தெரிந்தது. வாயைத் திறந்து திறந்து பார்த்தது. பசி. அவர் வாளியில் வளர்த்த சில்லூறுப் பூச்சி அத்தனையையும் ஈரத்துக்கு ஏறி வந்த எறும்பு தின்று முடித்திருந்தது. கொழும்பிலிருந்து பஸ்ஸில் வருகிற பூச்சிப் பெட்டி வழியில் வெள்ளம் என்று வரவில்லை. இலையைப் போட்டால் முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது.

“ஒரு பத்துப் பூச்சி கிடைச்சா எழும்பிரும் ஹாஜியார்” என்றார். என்னிடம் கேட்கவில்லை. தனக்குள் சொன்ன மாதிரித்தான் சொன்னார்.

“என்ட வட்டையில இல்லாத வெட்டுக்கிளியா?” என்றேன்.

அன்று காலையே மோட்டார் சைக்கிளில் வயலுக்குப் போனேன். வேளாண்மை முழங்காலுக்கு மேல் பச்சைப்பசேல் என்று நின்றது. வரம்பில் நின்று பார்த்தால் வெட்டுக்கிளிகள் இலைநுனியில் உட்கார்ந்திருக்கின்றன. கையைக் கொண்டுபோனால் பறக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் அரை மணித்தியாலத்தில் முப்பது பிடித்தேன். வயலைப் பார்க்கிற முல்லைக்காரர் வாய்க்கால் பக்கத்தால் வந்தார்.

“என்ன ஹாஜியார், வெட்டுக்கிளி பொறுக்குறீங்க? பொரிக்கவா?”

“மருந்துக்கு.”

“முந்தாநாத்து மழை கொஞ்சம் விட்டிச்சே, அப்பத்தான் பூச்சிக்கு எண்ணெய் அடிச்ச. அதான் மயங்கிக் கிடக்கு.”

“ராவு மழை பேஞ்சது. கழுவியிருக்கும்” என்றேன்.

எத்தனையோ போகம் வேளாண்மை செய்தவன். எண்ணெய் அடித்தால் பூச்சி ஏன் பறக்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரம் என் மனசில் இருந்தது ஒன்றே ஒன்று: பையோடு போய் நிற்பேன், அவர் வாய் திறந்து “அல்ஹம்துலில்லாஹ்” சொல்வார்.

பையைக் கொடுத்தேன். வாங்கி உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தது. கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். பொய் சொல்கிறவன் இல்லை நான். அவர் வாயை மூடிக்கொண்டார்.

“ஜஸாக்கல்லாஹ் ஹாஜியார்” என்று நன்றி சொன்னார்.

சின்னதாகப் பார்த்து எட்டு எடுத்தார். கணவாய்த் தூள் தூவினார். ஓணான் கல்லில் நின்று தலையை ஒரு பக்கம் சாய்த்து, நாக்கை நீட்டி, டக் டக்கென்று எட்டையும் எடுத்தது. நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்தோம். தேத்தண்ணிக் கடையிலிருந்து மச்சான் கத்தினான்: “சின்ன ஹாஜியாருக்கு நோன்பு திறந்தாச்சோ?”

அடுத்த நாள் காலை கடைக்குப் போனபோது அவர் தரையில் இருந்தார். ஓணான் மடியில் துணிமேல் கிடந்தது. கால்கள் உதறின. தலை வானத்தைப் பார்த்துப் பின்னால் வளைந்திருந்தது, இழுத்துக் கட்டிய மாதிரி. தாடி கறுத்துப் போயிருந்தது.

“ஹாஜியார், வயலுக்கு எப்ப மருந்தடிச்ச?”

அவ்வளவு நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட கேள்வி அது.

“பிடிக்க ரெண்டு நாளைக்கு முதல்.”

தலையை ஆட்டினார். ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசியிருப்பேன், கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்து அதன் வாயைத் துடைத்தார். கொழும்பில் இந்தப் பிராணிகளைத் தெரிந்த ஒரு மிருக டொக்டரின் நம்பர் வைத்திருந்தார். எடுத்தார். கொண்டு வாங்க, நேரம் முக்கியம் என்றார் டொக்டர். பாலத்துக்கு மேலால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, பஸ் இல்லை. என்னிடம் வான் இருந்தது, லொறி இருந்தது, ரோடு இருக்கவில்லை. இங்குள்ள மிருக வைத்தியரைக் கையோடு கூட்டி வந்தேன். நல்ல மனிதர். குனிந்து பார்த்துவிட்டு உண்மையைச் சொன்னார்: “மாடு, ஆடு எண்டா செய்வன். இதுட நாடி எங்க இருக்கு எண்டே எனக்குத் தெரியா.” என் டொக்டர் மகளுக்குப் போன் எடுத்தேன். “வாப்பா, எண்ணெய் குடிச்ச ஆளுக்கு ஊசி இருக்கு. இந்தச் சின்ன உயிருக்கு எவ்வளவு எண்டு தெரியாம நான் எப்படிச் சொல்ற?” என்றாள். பிறகு மெதுவாக, “அதச் சூடாவும் அமைதியாவும் வெச்சிருங்க வாப்பா” என்றாள்.

சூடாகவும் அமைதியாகவும். அதுதான் எங்கள் கையில் இருந்தது. அவர் கடைக் கண்ணாடிச் சன்னலில் துணி போட்டு வெளிச்சத்தை மறைத்தார். நான் சுடுதண்ணீர்ப் போத்தலை மாற்றிக்கொண்டிருந்தேன். எந்த வேலைக்கும் ஆளை ஏவுகிறவன், அன்று ஒருவரையும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு உதறலுக்கும் அவர் விரலால் அதன் முதுகை அமத்திப் பிடித்தார். நடுவில் ஒரு தரம் உதறல் நின்றது. நான் சந்தோஷப்பட்டேன். அவர் சந்தோஷப்படவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பத்தரை மணி இருக்கும். அது ஒரு தரம் வாயைத் திறந்தது, முன்னங்கால் கொஞ்சம் எழும்பியது. முதல் நாள் எனக்குச் சலாம் சொன்ன மாதிரி என்று எழுத விருப்பம்தான். அப்படி இல்லை. அது வெறும் இழுப்பு. பிறகு கனமாகக் கிடந்தது.

மனிதர் இறந்தால் சொல்கிற “இன்னா லில்லாஹி”யை இதற்கும் சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அவரைப் பார்த்தேன். அவர் சொன்னார். நானும் சொன்னேன்.

படம் அனுப்புகிற நேரம் அது. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்து, போனை எடுத்தார். பிறகு ஆங்கிலத்தில் எழுதினார். எனக்கு அந்த எழுத்துத் தெரியாது.

“என்ன எழுதின மனே?”

“என்ட கவனக் குறைவால போயிட்டு எண்டு எழுதின.”

“வெட்டுக்கிளி நான் கொண்டு வந்த எண்டு எழுதல்லயா?”

“ஆரு கொண்டு வந்தாலும் கேக்க வேண்டிய ஆள் நான்.”

“நான்தானே கேக்காத எண்டன்! கேட்டா இறங்கு எண்டன்!”

“கடைய விட்டுத்தானே இறங்கச் சொன்னீங்க. கேட்டுட்டு இறங்கியிருக்கலாம்.”

சத்தம் உயராமல்தான் சொன்னார். அந்த மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சியவன் இல்லை. “இன்னொருக்கா எழுது. மருந்தடிச்ச வயல்ட பூச்சிய ஒரு ஆள் தெரிஞ்சிகொண்டே கொண்டு வந்தான் எண்டு எழுது. என்ட பேரப் போடு.”

“அந்தப் புள்ளைக்கு ஒங்களத் தெரியா ஹாஜியார். தெரியாத ஆளோட அதால கோவிக்க ஏலாது. என்னோட கோவிக்கட்டும். கோவிச்சு முடிஞ்சா ஆறிரும்.”

போன் அதிர்ந்தது. பிள்ளையின் பதில். படித்தார். என்ன என்று கேட்டேன். சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜும்ஆவுக்குப் போய்விட்டார்.

ஓணானை என் வளவில், தென்னைக்குப் பக்கத்தில் அடக்கினோம். மூன்று மாசத்தில் அவருக்குக் கட்டாருக்கு விசா வந்தது. கடையைப் பூட்டி, திறப்பைக் கொண்டு வந்து தந்தார். சிரித்துத்தான் கதைத்தார். பெருநாளைக்குப் பெருநாள் அங்கிருந்து போன் எடுப்பார், சுகம் விசாரிப்பார், ஆலை எப்படி, மச்சானின் தேத்தண்ணிக் கடை எப்படி என்று கேட்பார். அந்தப் பிள்ளையின் நம்பரைத் தா என்று நான் ஒவ்வொரு தரமும் கேட்கிறேன். “விடுங்க ஹாஜியார்” என்கிறார். ஒருநாளும் தரவில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தப் பிள்ளை எந்த நாட்டில் என்றும் தெரியாது. இப்போது வளர்ந்திருக்கும். கோபம் ஆறியதா என்றும் தெரியாது.

ஊரில் யார் கேட்டாலும், கொழும்பில் வேலை செய்த அந்தத் தம்பி ஓணான் வளர்த்தார், பார்க்கத் தெரியாமல் சாகவிட்டார் என்றுதான் கதை. அது பொய். அவரைப் போல் பார்க்கத் தெரிந்த ஆள் இந்தக் கரையில் இல்லை. அவர் கேட்காமல் விட்டது ஒரேயொரு தரம். அந்த ஒரு தரத்துக்கும் வாயை அடைத்தவன் நான். பூச்சி பறக்காததைக் கண்ணால் கண்டவன் நான். முல்லைக்காரர் சொன்னதைக் காதால் கேட்டவன் நான்.

இதை அச்சடிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நீளம் என்று வேறு எதை வெட்டினாலும் வெட்டுங்கள். அரிசி ஆலையை வெட்டுங்கள், மாடியை வெட்டுங்கள், எனக்குக் கவலை இல்லை. இதை மட்டும் வெட்டக்கூடாது. இங்கிலீசு தெரிந்த யாராவது இதை மொழிபெயர்த்து அந்தப் பிள்ளையின் கண்ணில் படும்படி போடுங்கள். வெட்டுக்கிளி பிடித்தது நான். எந்த வயலில் என்று தெரிந்தே பிடித்தது நான். அதில் அவருக்குப் பங்கு கிடையாது. முழுக்க என் கணக்கில் எழுதுங்கள்.